மார்ச் 17-ஆம் தேதியே எங்கள் அடுப்பு அடங்கிவிட்டது: நகர்மன்றத்துக்கு ஒரு டீக்கடைக்காரனின் திறந்த மடல்

எங்கள் நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள், ஆணையர் ஆகியோருக்கு,

பேருந்து நிலைய உள்வரிசையில் ஏழாம் எண் கடையில் இருபத்திரண்டு வருடமாக டீ ஆற்றிக்கொண்டிருப்பவன் எழுதுகிறேன். போன மாதம் உங்கள் வருவாய்ப் பிரிவிலிருந்து வந்த கேட்பு அறிவிப்பைக் கல்லாவுக்கு மேலே முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். கொரோனா காலத்து வாடகை நிலுவை 61,380 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அதற்கும் மேல் தண்டவட்டி. பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் கடையைப் பூட்டி முத்திரை வைத்து மறு ஏலம் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வரிசையில் உள்ள இருபத்து மூன்று கடைகளுக்கும் இதே காகிதம் வந்திருக்கிறது. தொகை மட்டும் கடைக்குக் கடை மாறுகிறது.

பணத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். அறிவிப்பின் இரண்டாம் பத்தியில் ஒரு வரி இருக்கிறது. "ஊரடங்கு 25.3.2020 அன்றே நடைமுறைக்கு வந்த நிலையில், 17.3.2020 முதல் கடை நடத்த இயலவில்லை எனப் பொய்யான காரணம் கூறி வாடகை குறைத்துச் செலுத்தப்பட்டுள்ளது." தணிக்கையில் எழுந்த ஆட்சேபணையை மன்றம் விவாதமே இல்லாமல் ஏற்றுக்கொண்டதாகவும், தீர்மானம் ஒரு நிமிடத்தில் நிறைவேறியதாகவும் கேள்விப்பட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் இருபத்து மூன்று பேர் பொய்யர்களாகிவிட்டோம்.

61,380 ரூபாயில் 2020 மார்ச் 17 முதல் 31 வரையிலான பதினைந்து நாளின் பங்கு 6,871 ரூபாய்தான். மாத வாடகை 14,200. ஒரு நாளுக்கு 458. மீதித் தொகை 2020 ஜூலை, ஆகஸ்டுக்கும் 2021 கோடைக்கும் உரியது. பெரிய தொகையை விட்டுவிட்டுச் சின்னத் தொகையைப் பிடித்துக்கொண்டு இவன் ஏன் மல்லுக்கு நிற்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். மற்றதெல்லாம் கொடுக்கல் வாங்கல், பேசித் தீர்க்கலாம். இது மட்டும் நான் சொன்னது உண்மையா பொய்யா என்ற விஷயம்.

முதலில் ஒன்று. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு என் மனுவின் நகலே போதும். 2020 ஜூன் மாதம் அலுவலகத்தில் வாடகை வாங்கத் தொடங்கியபோது, மார்ச் மாதத்துக்கு நாட்கணக்கு எழுதிக் கொடுங்கள் என்று கவுன்டரில் இருந்தவரே சொன்னார். எழுதிக் கொடுத்தோம். "17-ஆம் தேதி முதல் அரசின் கட்டுப்பாடுகளால் வியாபாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது" என்பதுதான் என் வாசகம். கணக்குப் போட்டு, பணம் வாங்கி, ரசீதும் கொடுத்தார்கள். "கடை நடத்த இயலவில்லை" என்று என் மனுவில் எங்கேயும் இல்லை. அந்தச் சொற்களை என் வாயில் வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. உங்கள் கோப்பில் தேடினால் தெரிந்துவிடும்.

இனி தேதிக்கு வருகிறேன்.

25 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். 24-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு 12 மணி முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் முடக்கம் என்றார். நான்கு மணி நேர அவகாசம். ஊருக்கே அதிர்ச்சியாக இருந்ததால் எல்லோர் நினைவிலும் அந்த இரவுதான் தங்கிவிட்டது. தணிக்கைக்கு வந்தவரும் நினைவிலிருந்தே எழுதியிருக்க வேண்டும். கோப்பைப் புரட்டியிருந்தால் அந்தத் தேதிகூட விழுந்திருக்காது. தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு 24-ஆம் தேதி மாலை 6 மணிக்கே அமலாகிவிட்டது. முந்தைய நாள் சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அதை அறிவித்தார். ஆக, வெறும் அரசாணைக் கணக்குப்படி பார்த்தாலும் 25 என்பது தவறு. எங்களைப் பொய்யர் என்று சொன்ன வரியிலேயே ஒரு தப்பு உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஆறு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு வாதாட நான் வரவில்லை. என்னிடம் ஒரு பால் கணக்கு நோட்டு இருக்கிறது. தினமும் எத்தனை லிட்டர் வாங்கினேன் என்று எழுதிப் பால்காரரிடம் பக்கத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவேன். வருமானத்தைக் குறைத்துக் காட்டலாம், கூட்டியும் காட்டலாம். பால் விஷயத்தில் அது நடக்காது. தேவைக்கு மேல் ஒரு லிட்டர் வாங்கினாலும் மாலைக்குள் திரிந்து நஷ்டம். அதனால் நாளைக்குப் பேருந்து நிலையத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்பதை ஊரில் மற்ற எவரையும்விடச் சரியாகக் கணிக்கப் பழகியவன் டீக்கடைக்காரன். 2020 மார்ச் மாதப் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

12-ஆம் தேதி, வியாழன், 46 லிட்டர். உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததற்கு மறுநாள் அது. தமிழ்நாட்டில் முதல் நோயாளியைக் கண்டுபிடித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. எங்கள் கடையில் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. 16, திங்கள், 44. அடுத்த நாள் 31. பிறகு 29, 27, 24. 21-ஆம் தேதி சனிக்கிழமை 19 லிட்டர். ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக ஒரு கோடு.

16-க்கும் 17-க்கும் நடுவில் 13 லிட்டர் எங்கே போயிற்று? அதற்கான பதில் அரசு அறிவிப்பிலேயே இருக்கிறது. பள்ளி, கல்லூரி, திரையரங்கு, வணிக வளாகம், மதுக்கூடம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாவற்றையும் 17-ஆம் தேதி முதல் 31 வரை மூடச் சொல்லி 16-ஆம் தேதி உத்தரவு வந்தது. பொதுத் தேர்வுகளுக்கு மட்டும் விலக்கு. சென்னையில் இருப்பவருக்கு வணிக வளாகம் மூடியதுதான் செய்தி. எங்கள் மாதிரி ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பள்ளி, கல்லூரி மூடினால் பாதி உயிர் போய்விட்டது என்று பொருள். காலை ஏழரையிலிருந்து ஒன்பது மணிக்குள் வந்துபோகும் டவுன் பஸ்களில் பாதிக் கூட்டம் இலவச பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள். பிள்ளைகள் டீ குடிக்க மாட்டார்கள், உண்மைதான். தேங்காய் பன்னும் பிஸ்கட்டும் வாங்குவார்கள். அவர்களோடு வரும் ஆசிரியர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் காத்திருக்கும் தாய்மார்கள், இவர்கள்தான் டீ. இரவு இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர்களும், மதுக்கூடத்திலிருந்து தலையைத் தெளியவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக நினைப்பவர்களும் என் கடைசி ஆறு லிட்டர். (இரண்டாம் வகையினர் பாக்கி வைப்பதும் உண்டு, அது தனிக் கதை.) 17-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு நான் பார்த்த பேருந்து நிலையம் கோடை விடுமுறையின் முதல் நாள் போல இருந்தது. ஒரு வித்தியாசம், யாரும் சிரிக்கவில்லை.

பயத்தால் கூட்டம் குறைந்ததே தவிரக் கட்டுப்பாட்டால் அல்ல என்று நீங்கள் வாதிடலாம். பயம் 12-ஆம் தேதியும் இருந்தது, 16-ஆம் தேதியும் இருந்தது. ஆனாலும் 46, 44. பயத்துக்கு இரண்டு லிட்டர்தான் குறைந்தது. உத்தரவுக்கு ஒரே நாளில் 13 லிட்டர் குறைந்தது. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவது உங்கள் அலுவலகத்தைப் பற்றியது. 18-ஆம் தேதி புதன்கிழமை, பத்து மணி சுமாருக்கு, நகராட்சி சுகாதாரப் பிரிவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வரிசையில் ஒவ்வொரு கடை முன்பும் நின்று, பெஞ்சுகளை உள்ளே எடுங்கள், கண்ணாடி கிளாஸில் கொடுக்காதீர்கள், காகிதக் கப்பில் கொடுங்கள், ஐந்து பேருக்கு மேல் நிற்கவிடாதீர்கள் என்றார்கள். 2019 ஜனவரி 1-இல் பிளாஸ்டிக் தடை வந்தபோது இதே காகிதக் கப்புக்காக என்னிடம் அபராதம் வாங்கிய அலுவலகம் இது என்பது எனக்கு அந்த நேரத்திலும் ஞாபகம் வந்தது. எதுவும் சொல்லவில்லை. ஊர் நன்மைக்காகச் சொல்கிறார்கள், தப்பில்லை. பெஞ்சை எடுத்தேன். பெஞ்ச் இல்லாத டீக்கடையில் ஒரு டீயோடு முடிந்துவிடும். பேச்சு இல்லாததால் இரண்டாவது டீ கிடையாது. அன்று மதியம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ பேருந்து நிலையத்தை நான்கு முறை சுற்றியது. தேவையில்லாமல் பயணம் செய்யாதீர்கள் என்பதுதான் அறிவிப்பு. பேருந்து நிலையத்துக்குள் வந்து பயணம் செய்யாதே என்று 18-ஆம் தேதி அறிவித்த நகராட்சி, கட்டுப்பாடு 25-ஆம் தேதிதான் தொடங்கியது என்று இன்று எழுதுகிறது. அந்த ஆட்டோவுக்கு நீங்கள் வாடகை கொடுத்த செலவுச்சீட்டு இருக்குமே, அதில் என்ன தேதி என்று பார்த்தீர்களா?

19-ஆம் தேதி பிரதமர் பேசினார், 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு என்றார். இடையில் அண்டை மாநில எல்லைகளை மூடும் அறிவிப்பு வந்தது. பெங்களூரு பஸ் நின்றதும் நோட்டில் 24 லிட்டர் 19 ஆயிற்று. எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வாரக் கடைசியில் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 22-ஆம் தேதி காலை 7 முதல் இரவு 9 வரை என்றது மத்திய அரசு. மாநில அரசு அதை மறுநாள் காலை 5 மணி வரை நீட்டியது. பஸ்ஸே ஓடவில்லை. மாலை 5 மணிக்குத் தெருவில் எல்லோரும் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது நான் பூட்டிய கடையின் முன் உட்கார்ந்து தெருநாய்களுக்குப் பழைய பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ரயில்களை 31-ஆம் தேதி வரை நிறுத்துவதாக அறிவித்ததும் அதே நாளில்தான். உங்கள் கணக்குப்படி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நான் முழு வாடகை தர வேண்டும். நடைமுறைக்கு வராத ஊரடங்கில் ஒரு பஸ்கூட ஓடாத நாள் அது.

இப்போது எனக்குச் சாதகமில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நோட்டில் 24-ஆம் தேதிக்கு நேராக 58 லிட்டர் என்று இருக்கிறது. அந்த மாதத்திலேயே அதுதான் அதிகம்.

23-ஆம் தேதி சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததும் சென்னையில் இருந்தவர்கள் எல்லோரும் கோயம்பேட்டுக்கு ஓடினார்கள். அந்தக் கூட்டத்தைப் படமாகப் பார்த்திருப்பீர்கள். நான் நேரில் பார்த்தேன், மறுநாள் விடியற்காலை மூன்று மணியிலிருந்து. ஒவ்வொரு பஸ்ஸும் படிக்கட்டில் தொங்கத் தொங்க வந்தது. இரவு முழுக்க நின்றபடியே வந்தவர்கள், கைக்குழந்தைக்குப் பால் கேட்டவர்கள், எங்கள் ஊர் வரை வந்துவிட்டு மலைக்கிராமத்துக்குப் போக வண்டி இல்லாமல் தவித்தவர்கள். பால்காரரிடம் நாற்பது லிட்டர்தான் இருந்தது, மீதிக்கு ஆவின் பாக்கெட் வாங்கினேன். குழந்தைப் பாலுக்குக் காசு வாங்கவில்லை. மற்றவர்களிடம் வாங்கினேன். கூட்டம் சேரக் கூடாது என்று போட்ட தடை, அமலாவதற்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தில், அதற்கு முன் எந்தத் தீபாவளிக்கும் சேராத கூட்டத்தைச் சேர்த்துவிட்டது. பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் வடிந்தது. ஐந்தரைக்கு போலீஸ் ஜீப் வந்து நின்றது. அடுப்பை அணைத்தேன். மறுநாள் யுகாதி. அன்று நோட்டில் எழுத ஒன்றுமில்லை.

அந்த 24-ஆம் தேதி காலையில் இன்னொன்றும் நடந்தது. பிளஸ் டூ கடைசித் தேர்வு. என் மகளுக்கு வேதியியல். பள்ளி நடந்துபோகும் தூரம், எழுதிவிட்டாள். அவளோடு படித்த பெண் ஒருத்தி பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமம். அவள் ஏறும் டவுன் பஸ் அன்று வரவில்லை. அப்பாவின் வண்டியில் வந்தும் நேரத்துக்குள் சேர முடியவில்லை. என் கடை முன் நின்றுதான் அழுதாள். தடை மாலை 6 மணிக்குத்தான், தேர்வோ காலையில். சட்டப்படி பார்த்தால் அவள் வராததற்குக் காரணமே கிடையாது. ஆனால் அன்று தேர்வுக்கு வராதவர்கள் மாநிலம் முழுவதும் 34 ஆயிரத்துக்கும் மேல். நீ பொய்யான காரணம் சொல்கிறாய், ஊரடங்கு நாளைக்குத்தான் தொடங்குகிறது என்று கல்வித்துறை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஜூலை 27-ஆம் தேதி மறுதேர்வு நடத்தியது. உத்தரவில் எழுதிய நேரத்துக்கு முன்பே முடக்கம் மனிதர்களைத் தொட்டுவிட்டது என்பதை மாநில அரசு ஒப்புக்கொண்டதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வேண்டுமென்றால் இன்னும் இருக்கிறது. காலையில் என் கடையில் பேப்பர் படிக்கும் வக்கீல் குமாஸ்தா ஒருவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். பிறகு நானும் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். உச்ச நீதிமன்றம் 23.3.2020 அன்று தானாக முன்வந்து ஓர் ஆணை போட்டது. வழக்கும் மேல்முறையீடும் தாக்கல் செய்வதற்கான காலக்கெடுவை 15.3.2020 முதல் நீட்டித்தது. 25 அல்ல, 24 அல்ல, 15. பின்னால் 2022-இல் கணக்கை முடித்தபோதும் 15.3.2020 முதல் 28.2.2022 வரை என்றுதான் கழித்தார்கள். ரிசர்வ் வங்கி மார்ச் 27-ஆம் தேதி அறிவித்த கடன் தவணைச் சலுகை மார்ச் 1-ஆம் தேதியிலிருந்தே கட்ட வேண்டிய தவணைகளுக்குப் பொருந்தியது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமும் மத்திய வங்கியும், மக்களின் கை கால் கட்டப்பட்டது 25-க்கு முன்னால்தான் என்று எடுத்துக்கொண்டன.

திவால் சட்டத்தில் மட்டும் 25.3.2020 என்று வைத்திருக்கிறார்கள் என்பதையும் அதே குமாஸ்தாதான் சொன்னார். மறைக்கவில்லை. நாடு முழுவதுமுள்ள கம்பெனிகளுக்கு ஒரே கோடு போட வேண்டிய இடம் அது, போட்டார்கள். ஒரே பேருந்து நிலையத்தில் ஒரே கூரைக்குக் கீழே உள்ள இருபத்து மூன்று கடைகளுக்குத் தேதி குறிக்க நீங்கள் தில்லி வரை போக வேண்டியதில்லை. மாடிப்படி இறங்கினால் போதும்.

சரி, 24-ஆம் தேதி 58 லிட்டர் விற்றேன் என்று நானே சொல்லிவிட்டேன். 17 முதல் 23 வரையும், ஞாயிறு நீங்கலாகக் கடை திறந்துதான் இருந்தது. ஈ ஓட்டிக்கொண்டு என்றாலும் திறந்திருந்தது. அதனால் என் கணக்கு இது. அந்த ஆறு நாளுக்கும் பாதி வாடகை, 24-ஆம் தேதிக்கு முழு வாடகை. மொத்தம் 1,832 ரூபாய் வருகிறது. பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்கே கட்டுகிறேன். மீதி 5,039 ரூபாயை நான் தரவேண்டியதில்லை.

மற்ற நிலுவையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 31.5.2020 அன்று ஊரடங்கு முடிந்துவிட்டதாக உங்கள் அறிவிப்பு எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் செய்த அதே பிழை முடிவிலும். டீக்கடைகளுக்கு மே 11 முதல் பார்சல் மட்டும் அனுமதி என்றார்கள். பிளாஸ்டிக் பைக்குத் தடை, காகிதக் கப்புக்கும் தடை, பஸ்ஸும் இல்லை. பேருந்து நிலையத்துக்குள் தூக்குச்சட்டியோடு நடந்துவந்து டீ வாங்கிப்போகிறவர் யார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஜூன் 1-ஆம் தேதி பஸ் ஓடத் தொடங்கியது, ஜூன் வாடகையை முழுதாகக் கட்டினேன். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை மாநிலம் முழுவதும் மறுபடியும் பஸ் இல்லை. செப்டம்பர் 1-இல் மாவட்டத்துக்குள், 7-இல் மாவட்டம் விட்டு மாவட்டம். அடுத்த வருடம் மே 10-ஆம் தேதி மீண்டும் நின்றது. மற்ற மாவட்டங்களில் ஜூன் கடைசிக்குள் ஓடிவிட்டது. எங்கள் மாவட்டம் கடைசியாக விடுவித்த பதினொன்றில் ஒன்று, எங்களுக்கு ஜூலை 5. இந்த நாட்களில் நிலையத்தின் இரண்டு வாசலிலும் தடுப்புக் கட்டை போட்டது நகராட்சிதான். ஆள் நுழைய முடியாத இடத்துக்கு வாடகை கேட்கிறீர்கள், அதற்கு வட்டியும் கேட்கிறீர்கள்.

பஸ் ஓடாத அந்த நாட்களுக்கு உங்களிடமே கணக்கு உண்டு. நிலையத்துக்குள் வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறீர்கள். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் உங்கள் அலுவலக அலமாரியில் இருக்க வேண்டும். நேரக் காப்பாளர் அறையிலும் வருகைப் பதிவேடு உண்டு. தணிக்கை செய்தவர் அவற்றில் ஒன்றையாவது கேட்டு வாங்கிப் பார்த்தாரா? என் பால் நோட்டை நம்ப வேண்டாம். உங்கள் அடிக்கட்டைகளையாவது நம்புங்கள்.

2020-இல் இந்த மன்றம் இல்லை. தனி அலுவலர் காலம். 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட நீங்கள் அந்த நாட்களின் முடிவுகளுக்குப் பொறுப்பில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்களில் பலர் அந்த நாட்களில் இந்த ஊரில்தான் இருந்தீர்கள். இரண்டு பேர் என் கடையில் தினமும் டீ குடிப்பவர்கள். அவர்களும் கையைத் தூக்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பெஞ்ச் இல்லாத நாளில் நின்றுகொண்டே குடித்தவர்கள்தானே?

தேதியும் நேரமும் எங்களுக்கு வெறும் காகித விஷயமாக இருந்ததில்லை. எந்தக் கடை எத்தனை மணி வரை என்ற உத்தரவு வாரத்துக்கு ஒரு முறை மாறியது, எங்களுக்கு எழுத்தில் எதுவும் வரவில்லை. அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19-ஆம் தேதி சாத்தான்குளத்தில் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இருந்து உயிரோடு வீடு திரும்பவில்லை. அந்த வாரம் முழுக்க நான் ஐந்து மணிக்கே கடையைச் சாத்தினேன். ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக மாநில அரசே 2021 பிப்ரவரியில் அறிவித்தது. மீறியவர்களுக்கே அரசு பெருந்தன்மை காட்டியது. நாங்கள் சொன்னபடி மூடியவர்கள்.

ஆகவே மன்றத்திடம் கேட்பது இதுதான்.

அறிவிப்பிலிருந்து "பொய்யான காரணம்" என்ற சொற்களை நீக்கி, இருபத்து மூன்று கடைகளுக்கும் திருத்திய அறிவிப்பு அனுப்புங்கள். மற்ற எதைத் தள்ளிப் போட்டாலும் இதை அடுத்த கூட்டத்துக்குள் செய்யுங்கள்.

பேருந்து நிலையக் கடைகளைப் பொறுத்தவரை கட்டுப்பாடு தொடங்கிய நாள் 17.3.2020 என்று தீர்மானம் போட்டுப் பதிவு செய்யுங்கள். 17 முதல் 24 வரை பாதி, முழு என்று நான் சொன்ன கணக்கில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் எழுத்தில் சொல்லுங்கள், பேசலாம். முடிவுத் தேதிக்கு அரசாணையைப் பார்க்காதீர்கள். நுழைவுக் கட்டண அடிக்கட்டைகளை மன்றத்தின் முன் வைத்து, நிலையத்துக்குள் பஸ் வராத நாட்களை எண்ணி, அத்தனை நாளுக்கும் வாடகையைத் தள்ளுபடி செய்யுங்கள். அதற்கு மேலிடத்து அனுமதி தேவையென்றால் பரிந்துரைத்து அனுப்புங்கள். அனுப்பிய கடிதத்தின் நகலை எங்களுக்குக் கொடுங்கள்.

தண்டவட்டியை முழுவதுமாக நீக்குங்கள். ரசீது கொடுத்து வாங்கிய பணத்துக்குச் சில வருடம் கழித்து வட்டி கேட்பது எந்த விதியில் வருகிறது என்று ஆணையர் விளக்க வேண்டும்.

இவை முடியும் வரை எந்தக் கடைக்கும் முத்திரை வைக்கவோ மறு ஏலத்துக்கு விளம்பரம் கொடுக்கவோ கூடாது. தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில் எழுதுவதற்கு முன் எங்களில் ஐந்து பேரையாவது கூப்பிட்டுக் கேட்க வேண்டும். நாங்கள் வரும்போது மனு நகல்களும் ரசீதுகளும் கொண்டுவருகிறோம்.

பால் கணக்கு நோட்டை மட்டும் நான் யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். பார்க்க விரும்புகிறவர்கள் கடைக்கு வரலாம். காலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஏழாம் எண் கடைக்காரன்,
பேருந்து நிலைய உள்வரிசை.